வெறும்பைப் பாஸும் கனகம் அக்காவின் சுவரும்

இந்த மலைநாட்டில், இன்னும் வந்து சேராத ஒரு சாமானுக்காக வீடு வீடாகப் போய் இடம் பிடித்து வைத்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தெரியாத்தனமாக "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டால் போதும், கொட்டகலை வருவதற்குள் அவருடைய கதையில் பாதியைச் சொல்லி முடித்துவிடுவேன். மீதிப் பாதியைக் கேட்காமலே இறங்கிப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேட்டால் அவருடைய மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். எங்களுக்கு அவர் வெறும்பைப் பாஸ். மேசன் வேலையோ தச்சு வேலையோ வயரிங் வேலையோ, கையில் தொழில் இருந்தால் இந்தப் பக்கத்தில் எல்லாரும் பாஸ்தான். முன்னால் நிற்கும் 'வெறும்பைப்' இருக்கிறதே, அது அவர் தானே உழைத்துச் சம்பாதித்தது.

வாலிப வயதில் கொழும்புக்குப் போய்ப் பெரிய பெரிய கட்டடங்களில் வயர் இழுக்கிற வேலை பார்த்தவர். அங்கே சுவரைக் கட்டி, சாந்து பூசி, பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைப்பார்கள். பிறகு டெலிபோன் வருகிறது என்று உடைப்பார்கள். பூசுவார்கள். கம்ப்யூட்டர் வருகிறது என்று மறுபடி உடைப்பார்கள். கேமரா வருகிறது என்று இன்னொரு தரம். உடைக்கிற கை எப்போதும் நம்ம பாஸுடையது. அதில் மனுசனுக்கு மனசே விட்டுப்போய்விட்டது.

"சுவர ஒடைக்கிறது பாவம்," என்பார். "வயித்த அறுத்து ஆப்பரேசன் செய்ற மாதிரி. ஒரு தரம்னா தாங்கும். பொழுது விடிஞ்சா அறுத்துக்கிட்டே இருக்கலாமா?"

இனி என் கையால் ஒரு சுவரை உடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தார்.

வந்தவுடன் சரியான வழியைப் பிடித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முதலில் அவரும் வயரைத்தான் நம்பினார். கொழும்பிலிருந்து தூக்கி வந்த டெலிபோன் வயரை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தன்னுடைய ஒற்றை அறைக் காம்பராவின் சுவர் முழுக்கப் பதித்து, மேலே அழகாகச் சாந்து பூசி, போன் வரும் வரும் என்று காத்திருந்தார். போனும் வந்தது. எல்லாருடைய சட்டைப்பையிலும் வந்தது. சுவருக்குள் இருந்த வயரைச் சீண்ட ஆளில்லை. வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டு விஷயத்தை அமுக்கியிருப்பார்கள். பாஸ் அதையே ஒரு கண்டுபிடிப்பாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"வயருக்கு வயசு போகும். ஓட்டைக்கு வயசு போகாது."

அதற்குப் பிறகு அவர் வயரை விட்டுவிட்டார். ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மலைச்சரிவில் எங்கள் லயம் வெடிப்பு விட்டதால் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாலு பக்கமும் சொந்தச் சுவர் என்பது சின்ன விஷயமல்ல. மேல் ரோட்டில் தொடங்கிக் கீழே பள்ளம் வரைக்கும் படிப்படியாக ஆறு வீடுகள். அரசாங்கத்திலிருந்து கல்லும் சிமெந்தும் கூரைத் தகடும் கொடுத்தார்கள். உடம்பால் செய்கிற உழைப்பு எங்களுடையது. ஒரு வீட்டு வேலைக்கு மற்ற ஐந்து வீட்டுக்காரரும் வந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. கடைசிப் பள்ளத்து வீடு எங்களுடையது. நானும், என் தங்கை விஜியும், அவளுடைய புருஷனும் அதில்.

இந்தச் சிரமதானத்துக்குத் தலைவராக வெறும்பைப் பாஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். காலையில் எல்லாரையும் ரோட்டோரத்தில் நிறுத்திப் பெரட்டு வைத்தார். தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, இன்றைக்கு யார் எந்த மலை, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார்களே, அதே பெரட்டு.

"லீவு நாள்லயும் பெரட்டா?" என்று கனகம் அக்கா சத்தமாகவே கேட்டார். கனகம் அக்கா மேல் ரோட்டு வீட்டுக்காரர். கொழுந்து எடுப்பதிலும் வாய் பேசுவதிலும் எங்கள் தோட்டப் பிரிவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"கனகம் சிமிந்தி. டெய்சி டீச்சர் மணல்," என்றார் பாஸ். "வாயால வேலை செய்றவங்க எல்லாம் பின்னுக்கு நில்லுங்க."

சுவர் எழும்ப எழும்ப அவருடைய பிடிவாதமும் எழும்பியது. ஒவ்வொரு சுவருக்குள்ளும் கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் பைப். முன் ஹோலிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து அடுப்படிக் குசினிக்கு. அதோடு விட்டாரா? மண்ணுக்கு அடியால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும் போட்டார். மேல் ரோட்டு வீட்டில் நுழைந்தால் எங்கள் பள்ளத்து வீட்டில் வெளியே வரலாம். எறும்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் வெறும் பைப். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நைலோன் நூல் மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடும். பின்னாளில் அந்த நூலில் வயரைக் கட்டி மறுபக்கம் நின்று இழுத்தால் வயர் வந்து சேர்ந்துவிடும். என்ன வயர் என்று கேட்டால், "வரப்போற வயர்" என்பார்.

பைப் வாங்கப் போன இடத்தில்தான் பெயர் கிடைத்தது. கொட்டகலை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம். அவர், பாஸ் எடுத்து அடுக்கிய பைப் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்.

"இவ்வளவு பைப்பும் தண்ணிக்கா பாஸ்?"

"தண்ணிக்கு இல்ல நானா."

"அப்ப கரண்டுக்கு."

"கரண்டுக்கு வேற போட்டாச்சி."

"தண்ணிக்கும் இல்ல, கரண்டுக்கும் இல்லண்டா, இதுக்குள்ள என்னதான் போகப் போகுது?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல."

 நானா உள்ளே திரும்பி, "வெறும் பைப்புக்கு ஒரு பாஸ் வந்திருக்காரு, நல்லதாப் பாத்துக் குடுங்க," என்று குரல் கொடுத்தார். பெயர் பாஸுக்கு முன்னாலேயே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது.

வீடு பார்க்க வந்த அதிகாரிக்கும் இதே சந்தேகம். சுவரில் நூல் தொங்குகிற ஓட்டையைக் காட்டி, "மேவா மொனவடத?" என்று சிங்களத்தில் கேட்டார். இதெல்லாம் எதற்கு என்று அர்த்தம். பாஸ் நெஞ்சை நிமிர்த்தி, "இஸ்ஸரஹாட்ட, சேர்," என்றார். வருங்காலத்துக்கு, ஐயா. அதிகாரி குனிந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். வருங்காலம் ஒரே இருட்டாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

படித்தவள் என்ற முறையில் விஜியும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். "வைஃபை வந்திருச்சி பாஸ் மாமா. வயரே தேவையில்ல. காத்துலயே வரும்."

"காத்துல வர்றது காத்தோட போயிரும் விஜி. நம்ம ஊரு பனிக்கு முன்னால பஸ்ஸு லைட்டே நிக்க மாட்டேங்குது. உன் வைஃபை நிக்குமா?"

வீடு குடிபுகுந்தோம். பால் காய்ச்சினோம். அதற்குப் பிறகு எங்கள் ஆறு வீட்டுப் பெண்களும் சேர்ந்து பாஸின் வருங்காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினோம்.

முதலில் நூல் போனது. ஆனி ஆடி மாதத்து மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே துவைத்த துணி தன்பாட்டில் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டினால்தான் உண்டு. கொடிக்குக் கயிறு எங்கே என்று தேடினால், சுவரிலிருந்து நல்ல உறுதியான நைலோன் நூல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. இதை வைத்துவிட்டு வேறு கயிற்றைத் தேட நாங்கள் என்ன பைத்தியமா? ஒரே மழைக்காலத்தில் ஆறு வீட்டு நூலும் கொடியாகிவிட்டது. பாஸ் ஒருநாள் எங்கள் குசினிக்குள் வந்து, தன்னுடைய நூலில் என் உள்பாவாடை தொங்குவதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நூல் போன பிறகுதான் பெரிய கூத்து. அடைப்பு ஏதும் இல்லாத பைப்புக்குள்ளால் சத்தம் போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பாஸும் யோசிக்கவில்லை. மேல் ரோட்டு வீட்டில் கனகம் அக்கா கடுகு தாளித்தால் இரண்டாம் வீட்டில் டெய்சி டீச்சருக்குக் கேட்டது. யார் வீட்டில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வீடு வீடாக ஓடியது. வயர் ஒரு முழம்கூடப் போடாமல் எங்கள் ஊரில் நெட்வொர்க் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

டெய்சி டீச்சர் பின்னேரத்தில் குசினிச் சுவர்ப் பக்கம் முழங்கால் போட்டு ஜெபம் செய்கிறவர். ஒருநாள் மனம் உருகி, "ஆண்டவரே, பக்கத்து வீட்டுக் கனகத்துக்கு நல்ல புத்தியக் குடுங்க," என்று வேண்டியிருக்கிறார்.

சுவர் பதில் சொன்னது. "எனக்கு இருக்கிற புத்தி போதும் டீச்சர்."

டீச்சர் அலறிய அலறலில் பள்ளத்து வீட்டில் இருந்த நாங்களே வெளியே ஓடி வந்தோம். அன்றைக்குப் பேச்சு நின்றது இரண்டு வீட்டுக்கும். அந்தத் தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது ஊர் முழுக்கப் பைப் வாயை அடைத்தது. பழைய துணி, கடதாசி, சாந்து, கைக்கு எது அகப்பட்டதோ அது. கனகம் அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். தன் மகன் கல்யாணத்துக்கு ஹோல் சுவர் முழுக்கப் பூப்போட்ட டைல்ஸ் பதித்து, பைப் இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிட்டார். எங்கள் வரிசையில் டைல்ஸ் பதித்த ஒரே சுவர் அது. வந்தவர் போனவரையெல்லாம் அதற்கு முன்னால் நிற்க வைத்துத்தான் படம் பிடிப்பார்.

"மூக்க அடைச்சிட்டு உசுரோட இருக்கலாம்னு பாக்குறீங்க," என்று பாஸ் ரோட்டில் நின்று சத்தம் போட்டார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. விஜிக்குப் பெண் குழந்தை பிறந்தது, யாழினி. விஜியின் புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். நான் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் வேலை. யாழினி நடக்கத் தொடங்கியிருந்தபோது, போன வருஷம், விஜிக்கு ஒரு வேலை வந்தது. கொழும்பில் ஒரு கம்பனி. வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிற அழைப்புகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. வயர் போட்ட இணைப்பு இருக்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு நாள் முழுக்கச் சோதித்துப் பார்ப்பார்கள். அறுந்து அறுந்து வந்தால் வீட்டு வேலை கிடையாது. கொழும்புக்கே வந்து ஆபிஸில் உட்கார வேண்டும்.

கொழும்புக்குப் போவதென்றால் போர்டிங் அறை. போர்டிங்கில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். யாழினியை ராகலையில் மாமியார் வீட்டில் விட வேண்டும். இந்த மலையில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி வளர்ந்திருக்கிறார்கள். அம்மா என்றால் போனில் வருகிற குரல் என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் எல்லா லயத்திலும் உண்டு. விஜி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, அந்தச் சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது.

மேல் ரோட்டில் அப்போதுதான் புது வயர் வந்திருந்தது. வயர் போட வந்தவர்கள் கனகம் அக்கா வீட்டுக்கு ஓர் இணைப்பைக் கொடுத்துவிட்டு, கீழே எட்டிப் பார்த்தார்கள். பள்ளத்துக்குத் தூண் இல்லை, தூண் நட்ட பிறகுதான் வருவோம் என்றார்கள். எப்போது நடுவீர்கள் என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார்கள். போனில் வருகிற இணைப்போ, பனி இறங்கினால் எங்கள் பள்ளத்தில் கண்ணை மூடிவிடும். நான் விஜியிடம் இன்னும் என்ன வழி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் யாழினியின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் ரோட்டோரத்தில் பெரட்டு. யாரும் கூப்பிடாமலே பாஸ் வந்து நின்றிருந்தார்.

"கனகம் வீட்டுல இருந்து பள்ளத்து வீட்டுக்கு வயர் போகணும். ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளாலயும் போகணும். அடைச்சவங்க எல்லாம் போய்த் தொறங்க."

"வெளியாலயே கொண்டு போகலாமே," என்றார் டீச்சரின் வீட்டுக்காரர்.

"குரங்கு இழுக்கும். காட்டுப்பன்னி கிளறும். மிச்சத்த இடி பாத்துக்கும்."

எல்லா வீட்டிலும் அடைப்பை எடுக்கத் தொடங்கினோம். சுவருக்குள்ளிருந்து என்னவெல்லாம் வந்தது. பழைய பிளவுஸ் துணி, குழந்தையின் ஒற்றைக் காலுறை, உலர்ந்துபோன பல்லி. டெய்சி டீச்சர் வீட்டு அறைப் பைப்பிலிருந்து பாதி காலியான ஒரு சிகரட் பெட்டி வந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் அப்போதே மணல் பார்க்க வெளியே போய்விட்டார், அங்கே மணல் ஒன்றும் இல்லை.

அடுத்த தொல்லை, சில ஓட்டைகள் எங்கே போகின்றன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாய் இருந்தது. கட்டும்போது கேட்டதற்கெல்லாம் பாஸ் நெற்றியைத் தட்டிக் காட்டி, "பிளான் பூரா இங்க இருக்கு," என்பார். இப்போது தட்டத் தட்ட அங்கே ஒன்றும் இல்லை. மனுசன் வியர்த்துப்போனார்.

"இது குசினிக்குப் போறது," என்றார்.

"இல்ல," என்றார் மூன்றாம் வீட்டு அக்கா. "அது அறைக்கு. குசினிச் சத்தம் இந்தப் பக்கத்து ஓட்டையிலதான் வரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாம் வீட்டு அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். நான்காம் வீட்டிலும் இதே கதை, ஐந்தாம் வீட்டிலும் இதே கதை. எந்த ஓட்டை எந்த வீட்டின் எந்த மூலைக்குப் போகிறது என்பதைப் பெண்கள் ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அடைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் சுவரில் காது வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத நிலை. பாஸ் மட்டும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். தன்னுடைய பைப்பை ஊர் இவ்வளவு நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது என்று.

கடைசியில் எல்லாரும் மேல் ரோட்டு வீட்டில் வந்து நின்றோம். டைல்ஸ் சுவருக்கு முன்னால்.

 அந்தச் சுவர் கனகம் அக்காவுக்கு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பாஸ் சுத்தியலைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாது. இனிமே ஒரு சுவர ஒடைக்க மாட்டேன்னு சொன்னவன் நான். இவ்வளவு பைப்பும் போட்டது அதுக்குத்தான்."

விஜி, "வேணாம் அக்கா, விடுங்க," என்றாள்.  யாழினி அவள் இடுப்பில் இருந்தபடி டைல்ஸில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

கனகம் அக்கா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஜோர்தானுக்கு வேலைக்குப் போனப்ப எம் மகனுக்கு இந்தப் புள்ள வயசுதான்," என்றார். "திரும்பி வந்தப்ப கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. என்னையப் பாத்துட்டு எங்க அக்கா பின்னால போய் ஒளிஞ்சிக்கிட்டான். அந்த ஆன்ட்டி யாருன்னு கேட்டான்."

சொல்லிவிட்டுக் குனிந்து சுத்தியலை எடுத்தார்.

"எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க பாஸ்."

பாஸ் ஒரு டைல்ஸைக் காட்டினார். பிறகு பக்கத்து டைல்ஸைக் காட்டினார். பிறகு இன்னொன்றை.

"நீங்க சொல்ற எடத்தையெல்லாம் ஒடைச்சா எனக்கு வீடே இருக்காது," என்றார் கனகம் அக்கா. "டீச்சரு, உங்க வீட்டுக்குப் போய் அந்தப் பைப்புக்குள்ள வாய வச்சி ஜெபம் பண்ணுங்க."

"என்ன ஜெபம்?"

"அன்னைக்குப் பண்ணுனீங்களே, அதேதான்."

டெய்சி டீச்சர் போனார். கனகம் அக்கா டைல்ஸில் காதை வைத்து, ஒவ்வொரு பூவாக நகர்ந்தார்.  ஓர் இடத்தில் நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "கேக்குது. எனக்கு நல்ல புத்தி குடுக்கச் சொல்றாங்க," என்றார். அந்த ஒரே டைல்ஸில் ஒரே அடி. உள்ளே சாந்தைச் சுரண்டினால் பைப்பின் வாய். எங்கள் வரிசைப் பெண்களைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் இந்தச் சுவரைப் போய்ப் பாருங்கள் என்பேன். அந்த இடத்தில் இன்றும் ஒரு டைல்ஸ் இல்லை. கனகம் அக்கா அதையும் சேர்த்துத்தான் இப்போது படம் பிடிக்கிறார்.

நூல் இல்லாத பைப்புக்குள் வயரை எப்படி அனுப்புவது? இதில்தான் பாஸ் மறுபடி பாஸ் ஆனார். மீன் பிடிக்கிற நரம்பில் ஒரு சின்ன நட்டைக் கட்டி மேல் வீட்டு வாயில் விட்டார். "மலையில பொறந்தவனுக்கு மேல இருந்து கீழ போறதச் சொல்லித் தரணுமா?" என்று ஒரு பேச்சு வேறு. நட்டு சரிவில் 'டிங் டிங்' என்று உருண்டு போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் சுவரில் காதை வைத்து நின்றாள். இந்த முறை வெளிப்படையாக.

"டீச்சர் குசினியத் தாண்டிருச்சி."

"மூணாம் வீட்டுல நிக்குது. கொஞ்சம் ஆட்டுங்க."

"வந்திருச்சி, வந்திருச்சி, அஞ்சாம் வீட்டுக்கு வந்திருச்சி."

நட்டு எங்கள் அறைச் சுவரிலிருந்து யாழினியின் காலடியில் விழுந்தது. அதை வாயில் போட்டுக்கொள்ளாமல் பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நரம்பில் வயரைக் கட்டி, ஆறு வீட்டுக்காரரும் ஆளுக்கு ஓர் இடத்தில் நின்று இழுத்தோம். வயர் ஓர் இடத்திலும் சிக்கவில்லை. பைப்பின் ஒவ்வொரு வளைவும் சதுரமாக மடியாமல், பெரிய வட்டமாகப் போயிருந்தது. திட்டத்தை மறந்த மனுசன் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது; கும்பிட்டிருந்தால் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்பதால் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நல்ல பனி. எதிர் மலை தெரியவில்லை. விஜி அறைக்குள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ் எங்கள் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். எதைக் காவல் காக்கிறார் என்று அவருக்கே தெரியாது. கோழியை விரட்டினார். மீன்காரரின் ஹோர்னை நிறுத்தச் சொன்னார். கனகம் அக்காவின் கரண்ட் அடுப்பைப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கனகம் அக்கா அன்றைக்கு விறகில் சமைத்தார். நடுநடுவே கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "அறுந்துச்சா?" என்று வாயசைப்பார். விஜி இல்லை என்று தலையசைப்பாள். பிள்ளை மட்டும் போகவும் வரவுமாக இருந்தது. அம்மாவின் மடியில் கொஞ்ச நேரம், பாஸின் காலடியில் கொஞ்ச நேரம்.

மாலையில் வேலை முடிந்து விஜி கதவைத் திறந்தாள். வேலை கிடைத்துவிட்டது, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆறு வீட்டுக்காரரும் எங்கள் வாசலில்தான் நின்றோம். டீச்சர் அழுதார். கனகம் அக்கா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் வருகிற மாதிரி பிள்ளை ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

யாழினி தரையில் உட்கார்ந்து ஒரு மூடியை டின்னில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி அம்மாவை ஒரு தரம் பார்த்தது. மறுபடி மூடியை எடுத்து டின்னில் போட்டது.

பாஸுக்குப் பெரிய ஏமாற்றம். "என்ன புள்ள இது. இவ்வளவு பாடுபட்டிருக்கோம், ஒரு சந்தோசமும் இல்லாம இருக்கு."

"அதுக்கு என்னாத்துக்குச் சந்தோசம்?" என்றார் கனகம் அக்கா. "அதோட அம்மா எங்கயும் போகல்லையே."

   பாஸ் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, மூக்கை உறிஞ்சி, "பனி கூடிப்போச்சி," என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறிப் போனார்.

இப்போது அவர் அடுத்த பிரிவில் எழும்புகிற வீடுகளில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சுவரிலும் இரண்டு பைப். ஒன்று இன்டர்நெட்டுக்கு, மற்றது எதற்கென்று வரும்போது தெரியும் என்கிறார். அங்கேயும் எல்லாரும் சிரிக்கிறார்களாம். திரும்பிப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, விஜியைத் தொந்தரவு செய்யாமல் மெதுவாக, "அறுந்துச்சா?" என்று என்னிடம் கேட்பார். இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் மேட்டில் அவருடைய குரல் கேட்டவுடனேயே நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிடுகிறேன்.